படிக்காத பாதி

இந்தக் கதையில் சிரிப்பதற்கு ஓர் இடம் உண்டு. சத்தியமாக உண்டு! ஆனால் இப்போதே பல்லைக் காட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

மூங்கில் காட்டை ஒரு சிறுத்தை ஆண்டது. தினம் ஓர் உயிர் அதற்குச் சாப்பாடு. ஒருநாள் சுற்றுலா வந்தவர்கள் ஓடைக்கரையில் ஒரு தடித்த புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார்கள். ஏதோ ஒரு தூரதேசத்தில் மக்கள் ராஜாவைக் கவிழ்த்த புரட்சியின் வரலாறு அது. பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் வளர்ந்த நரிக்கு மட்டும்தான் படிக்கத் தெரியும்.

சாயங்காலமானால் நரி வாசிக்கும். வாசிப்பா அது! ராஜாவுக்கு மூக்கால் ஒரு குரல், ராணிக்குக் கீச்சுக் குரல், பீரங்கிக்கு வயிற்றிலிருந்து ஒரு "டமால்!" அரண்மனைக் கதவு உடையும் பக்கம் வந்ததும் எல்லா விலங்குகளும் துள்ளி எழும். "வாழ்க! வாழ்க!" என்று கத்தி, ஆடி, வீட்டுக்குப் போய்விடும். மறுநாள் மறுபடியும் முதல் பக்கம். கதவு உடையும் பக்கம் முயலுக்கு மனப்பாடம்.

காட்டுப்பன்றி மட்டும் ஒருநாள் கேட்டது: "அண்ணே, கதவு உடைஞ்ச பிறகும் பாதிப் புத்தகம் மிச்சம் இருக்கே. அதுல என்ன?"

"அதுவா? ஒரே சிரிப்பு, தம்பி! கடைசியில படிக்கிறேன்" என்றது நரி.

ஒரு காலையில் எல்லாம் சேர்ந்து சிறுத்தையின் குகையைச் சூழ்ந்தன. முதலில் பாய்ந்தது காட்டுப்பன்றிதான். அதன் கோரைப்பல் கிழித்ததில் சிறுத்தை காட்டை விட்டே ஓடியது. "சும்மா காவலுக்கு" என்று சொல்லி நரி குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"இப்பவாவது மிச்சத்தைப் படிங்க, அண்ணே!" என்றது பன்றி.

நரி கூட்டத்தைப் பார்த்தது. "கேட்டீங்களா? வெற்றியோட நிறுத்த இவனுக்கு மனசில்லை. அப்போ வெற்றியே பிடிக்கலைன்னுதானே அர்த்தம்?"

கூட்டம் பன்றியின் பக்கம் திரும்பியது.

"துரோகி!" என்று முதலில் கத்தியது முயல். நேற்றுவரை அதுவும் பன்றியும் ஒரே புதரில் கிழங்கு தோண்டித் தின்ற சிநேகிதர்கள். அத்தனை கால்களும் சேர்ந்து பன்றியைப் பாறை விளிம்புக்குத் தள்ளின.

"டேய் முயலு, நான்தான்டா!"

பிறகு கீழேயிருந்து ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுநாள் நரி முயலைக் குகைக்குக் கூப்பிட்டது. "உன்னை மாதிரி விசுவாசிக்குத்தான் மிச்சத்தைப் படிச்சுக் காட்டணும். உள்ளே போய் வசதியா உட்காரு."

முயலுக்குப் பெருமை தாங்கவில்லை. நரி வாசலில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தது. இந்த முறை மூக்குக் குரல் இல்லை, கீச்சுக் குரல் இல்லை. தன் சொந்தக் குரலிலேயே வாசித்தது: "'கதவை உடைத்தவனை முதலில் கொன்றார்கள். அடுத்து, அவனைத் துரோகி என்று கூவியவனை...'"

"ஐயோ பாவம்! யாரு அண்ணே அது?"

நரி புத்தகத்தை மூடியது. சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது.

முயல் வாசலைப் பார்த்தது. வெளிச்சம் வர இடமில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது நரி. முயலின் காதுகள் மெல்லத் தொங்கின.

"அண்ணே... நான்தானா?"

வெற்றி வரும் பக்கத்தோடு வரலாற்றை மூடி வைப்பவர்கள், மிச்சப் பக்கங்களைத் தங்கள் உயிரைக் கொடுத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.