ஐயா சுருட்டை விட்ட கதை

ஐயா சுருட்டை எடுத்தால் தீக்குச்சி பூதலிங்கத்தின் கையில் தயாராக இருக்கும். சுருட்டைப் பற்றவைக்க வேறு யாரையும் பூதலிங்கம் விட்டதில்லை.

ஐயா என்பது நல்லபெருமாள். பண்பொழியில், மலையடிவாரத்து வீடொன்றில் இருந்தார். காவி கட்டியதில்லை, யாருக்கும் தீட்சை கொடுத்ததில்லை. ஆனாலும் தென்காசியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் மனசு குழம்பியவர்கள் வந்து, அவர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் தெளிந்து போனார்கள். அப்படி வந்த பூதலிங்கம் மட்டும் திரும்பிப் போகவில்லை. ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தாலும் ஒருவர் குரு, ஒருவர் சீடர். அதில் பூதலிங்கத்துக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

வீடு முழுக்கச் சுருட்டுப் புகைதான். பூதலிங்கத்துக்கு இருமல் முட்டிக்கொண்டு வரும். எழுந்து கிணற்றடிக்குப் போய் இருமித் தீர்த்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்காருவார். தென்காசி டாக்டர் ஒருவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "புகை பக்கமே போகாதீங்க" என்று சொல்லியிருந்தார். அதை அவர் ஐயாவிடம் சொல்லவில்லை. குருவுக்குப் பக்கத்தில் இருப்பவன் இதைக்கூடப் பொறுக்க வேண்டாமா என்று நினைத்தார். பொறுப்பதில் உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

ஒரு நாள் ஐயாவின் தங்கை மகள் வடிவு மதுரையிலிருந்து போன் செய்தாள். அவளுக்கு ஆபரேஷன். கணவன் ஆஸ்பத்திரியில் கூட இருக்க வேண்டும். மகள் நிறைமதியை விட்டுவைக்க வேறு இடமில்லை. ஆனால் பிள்ளைக்கு வீசிங். தூசி, புகை எதுவும் ஆகாது. போன தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது மூச்சுத் திணறி, அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

"நான் வெளிய போய்க் குடிச்சுக்கிடுதேன்" என்றார் ஐயா. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"சட்டையில, தாடியில ஒட்டிக்கிட்டு உள்ள வந்திரும் மாமா. சுவத்துலயும் மெத்தையிலயும் ஏற்கெனவே இருக்கது வேற."

அதற்குள் பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டது. "தாத்தா, உங்க வீடு நாறுது. நீங்க சுருட்டை விட்டாத்தான் நான் வருவேன்."

பூதலிங்கம் திடுக்கிட்டுப் போனார். ஐயாவிடம் யாரும் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

ஐயா கையிலிருந்த சுருட்டைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். திரைச்சீலைகளை ஊறப்போட்டார்கள். தண்ணீர் டீ நிறத்தில் இறங்கியது. பஞ்சு மெத்தையை அப்புறப்படுத்திவிட்டுப் புதுப்பாய் வாங்கினார்கள். சோப்புத் தண்ணீரால் சுவரைத் துடைத்தபோது துணி பழுப்பாகியது. துடைத்த சுவருக்கு வெள்ளையடித்து, ஈரம் காயும்வரை எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தார்கள்.

"ஊதுபத்தியும் வேண்டாம்" என்றார் ஐயா.

"சாமிக்கு ஏத்துறதுமா?"

"சாமிக்கு மூச்சு திணறாதுவே. பிள்ளைக்குத் திணறும்."

சுருட்டு இல்லாமல் ஐயாவுக்குத் தூக்கம் வரவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஏணிமேல் நின்று ஒட்டடை அடித்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பூதலிங்கத்துக்கு வயிறு எரிந்தது. எனக்காக ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தது உண்டா இந்த மனுசர்?

பிள்ளை வருவதற்கு முந்தின நாள் முடிவெட்டுபவரை வரச்சொல்லி ஐயா தாடியை எடுத்துவிட்டார். நெஞ்சுவரை தொங்கிய தாடி. பூதலிங்கம் அன்று சாப்பிடவில்லை.

ஐயாவின் பழைய கம்பளிச் சால்வை ஒன்று மிஞ்சியிருந்தது. "எத்தன தடவ துவைச்சாலும் இதுல வாடை போகாது. தூரப் போட்டிரும்" என்று கொடுத்தார். பூதலிங்கம் போடவில்லை. மடித்துத் தன்னுடைய டிரங்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பழைய ஐயா இனி அதில் மட்டும்தான் இருந்தார்.

நிறைமதி வந்தாள். வந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "ம்... நாறல" என்றாள். ஐயா பரீட்சையில் பாஸான பையனைப்போல் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு அவரிடம் இருப்பதே பூதலிங்கத்துக்குத் தெரியாது.

அதன்பிறகு ஐயாவுக்குப் பக்கத்து இடம் அவளுடையது. அவர் டம்ளரில் குடித்தாள். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது மடியில் ஏறி முகவாயைத் தடவினாள். வந்தவர்கள் எல்லாம் அவளைத்தான் பார்த்தார்கள். தேங்காய்த் துருவல் கேட்டாள், ஐயாவே துருவினார். பூதலிங்கம் ஒரு மூலையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு இப்போது வேலையில்லை.

ஒரு மத்தியானம் சாரல் விடாமல் அடித்தது. ஐயா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"லிங்கம் தாத்தா, குளிருது" என்றாள் பிள்ளை.

துவைத்த போர்வை கொடியில் ஈரமாகத் தொங்கியது. பூதலிங்கம் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். ஒரு சால்வையால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தார். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது: இவளுக்கு நிஜமாகவே ஆகாதா, இல்லை எல்லாம் செல்லமா, பார்த்துவிடலாம்.

"இது நாறுதே."

"சும்மா போத்திக்கிட்டுப் படு."

குளிரில் சுருண்டிருந்த பிள்ளை அப்படியே தூங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பூதலிங்கம் திரும்பிப் பார்த்தார். நிறைமதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் தூக்கித் தூக்கி விழுந்தன. கழுத்துக் குழி உள்ளே இழுத்தது. உதடு கறுத்திருந்தது. கண் மட்டும் அவரையே பார்த்தது.

"ஐயா!"

ஐயா ஓடிவந்தார். சால்வையை உருவி முற்றத்து மழையில் எறிந்தார். வடிவு கொடுத்தனுப்பியிருந்த இன்ஹேலரைக் குழாயில் மாட்டிப் பிள்ளையின் வாயில் வைத்தார். பூதலிங்கம் அவளை நெஞ்சோடு சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"இழும்மா... மெதுவா... விடு. இன்னொரு தடவ."

பிள்ளையின் முதுகு அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு கொஞ்சங்கொஞ்சமாகத் தணிந்தது. உதட்டில் நிறம் திரும்பியது.

அப்போதுதான் பூதலிங்கத்துக்கு இருமல் வந்தது. கிணற்றடிக்குப் போக முடியவில்லை. பிள்ளை கையில் இருந்தது. ஐயாவின் முகத்துக்கு நேராக, அடிவயிற்றிலிருந்து, கண்ணில் நீர் கொட்ட இருமினார். நிற்கவே இல்லை.

நிறைமதி தலையைத் திருப்பிப் பார்த்தாள். "லிங்கம் தாத்தாவுக்கும் வீசிங்கா?" என்றாள் சன்னமாக.

ஐயா பூதலிங்கத்தைப் பார்த்தார்.

உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்று சொல்லிப் போனார். சாயங்காலம் சாரல் நின்றது. பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. இருவரும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான்தான் குடுத்தேன் ஐயா. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"தெரியும்."

"ஏன்னு கேக்கலியே?"

"சொல்லும்."

பூதலிங்கம் ஐயாவின் பக்கம் திரும்பினார். "அவ ஒரு வார்த்தைதான் சொன்னா. சுருட்டை விட்டீங்க, தாடியை எடுத்தீங்க, சுவத்தைத் தேச்சீங்க. நான் இத்தன வருசமா அதே புகையிலதான கிடந்தேன்? எனக்காக ஒரு நாள் விட்டீங்களா?"

"ஆகாதுன்னு நீரு சொல்லவே இல்லியே."

"குருகிட்ட அதை எப்படிச் சொல்லுறது?"

உள்ளே பிள்ளை புரண்டு படுத்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா ஐயா?"

ஐயா வாயிலிருந்த கிராம்பை முற்றத்தில் துப்பினார்.

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "நீரு மறுபடியும் கேட்டிருக்கணும்."