கையெடுக்காமல் கிளறிய மாப்பிள்ளை

கொக்குமேட்டில் அண்ணன் தம்பிகள் நான்கு பேர். நால்வருக்கும் சேர்த்து ஒரே மூளை என்று ஊரார் சொல்வது அபாண்டம். அந்த ஒன்றையும் இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மூத்தவன் இடும்பனுக்குப் பதினோரு பெண் பார்த்துப் பதினொன்றும் தட்டிப்போயிற்று. பன்னிரண்டாவதாக வந்தவள் பூங்காவனம். அவளைப் பார்த்த நாளிலிருந்து அவன் தோசைக்குத் தொட்டுக்கொண்டது சட்னியா தண்ணீரா என்றே தெரியாமல் சாப்பிட்டான். அவள் அப்பா மயில்வாகனமோ பினாங்கில் இருபது வருஷம் ஓட்டலில் வேலை பார்த்தவர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன். எனக்கு ஒரு வாய் நூடுல்ஸ் உங்க கையால சமைச்சுப் போடுங்க. நல்லா இருந்தா அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம். இல்லேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்.”

நூடுல்ஸ் என்றால் என்னவென்று பார்த்து வர நால்வரும் டவுனில் இருந்த சீன ஓட்டலுக்குப் போனார்கள். சுவரில் டிராகன் படம் இருந்தது. இரண்டாமவன் சங்கிலி அதைக் காட்டி, “இந்தக் கறி வேண்டாம், நூடுல்ஸ் மட்டும் போதும்” என்றான். சர்வர் தட்டையும் குச்சிகளையும் வைத்து, “கை படாம இந்த ரெண்டு குச்சியால எடுத்துச் சாப்பிடணும்” என்றார்.

“ரெண்டு குச்சின்னா ரெண்டு ஆள் வேணுமே?” என்றான் மூன்றாமவன் வீரபாகு.

“பின்னே? ஏணியத் தூக்கணும்னாலே முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன் வேணும்ல” என்றான் கடைசித் தம்பி பொம்மையன்.

ஆளுக்கொரு குச்சியாக இருவர் பிடித்துத் தூக்க, மூன்றாவது ஆள் வாயைத் திறந்தான். நாலாவது ஆள் லாரிக்குச் சொல்வதுபோல், “வரட்டும், வரட்டும்... போதும்!” என்றான். முறை மாற்றி முறை மாற்றி ஒரு தட்டு முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அப்படியொரு ருசி உலகத்தில் உண்டா என்று நால்வரும் சொக்கிப்போனார்கள்.

சமையல்காரரைப் பிடித்துச் செய்முறை கேட்டார்கள். பாவம், நல்ல மனிதர்.

“நூடுல்ஸ் வெந்ததும் பச்சைத்தண்ணியில நல்லா அலசுங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது. அப்புறம் வாணலியில போட்டு, பெரிய தீயில கையெடுக்காம கிளறணும். எடுத்தீங்க, அடிப்பிடிச்சிரும்!”

ஞாயிறு விடிந்ததும் இடும்பன் அடுப்பைப் பற்றவைத்து வெறும் வாணலியைக் கிளறத் தொடங்கினான். கொல்லையில் தம்பிகள் நூடுல்ஸை வேகவைத்து, துவைக்கிற கல்லில் வைத்து அலசினார்கள்.

“சோப்பு போடலாமாடா?”

“அவர் சொல்லல. சொல்லாததைச் செஞ்சா கெட்டுப்போயிரும்.”

“சொட்டு நீலம்?”

“அதுவும் சொல்லல.”

ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க, லுங்கிக்கும் பனியனுக்கும் நடுவே ஒவ்வோர் இழையாகக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மயில்வாகனம் வந்து நின்றார். கொடியைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

“பினாங்குல எங்க சீன முதலாளி கையால மாவு இழுத்து இப்படித்தான் காயப்போடுவாரு! இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“துணிமணி எல்லாமே நாங்க இப்படித்தான் மாமா” என்றான் சங்கிலி அடக்கமாக.

அடுக்களைக்குள் நுழைந்ததும் அவர் முகம் மாறியது. இடும்பன் ஒற்றைக் கையைத்தான் தூக்கினான்.

“பெரியவங்க வந்தா மாப்பிள்ளை ரெண்டு கையும் சேத்துக் கும்பிட மாட்டாரோ?”

இடும்பனுக்கு அழுகை வந்துவிட்டது. “கும்பிட ஆசைதான் மாமா. கைய எடுத்தா அடிப்பிடிக்கும். அடிப்பிடிச்சா பூங்காவனம் எனக்குக் கிடைக்காது.”

மயில்வாகனம் துண்டை உதறிப்போட்டு அங்கேயே உட்கார்ந்தார். நூடுல்ஸ் வாணலியில் விழுந்து, புரண்டு, தட்டுக்கு வந்தது. சங்கிலியும் வீரபாகுவும் ஆளுக்கொரு குச்சி பிடித்து ஊட்ட, பொம்மையன் “வரட்டும், வரட்டும்” என்றான்.

“இருபது வருஷம் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டேன். எனக்கு யாரும் ஒரு வாய் ஊட்டினதில்லை” என்று விம்மியபடி அவர் தட்டு மாற்றினார். நான்காம் நாளே கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆனால் கையை எப்போது எடுக்கலாம் என்று சமையல்காரர் சொல்லவில்லை. தம்பிகள் ஓட்டலுக்கு ஓடிக் கேட்டால், அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். எனவே இடும்பன் வெறும் வாணலியைக் கிளறிக்கொண்டே சாப்பிட்டான், கிளறிக்கொண்டே தூங்கினான், கிளறிக்கொண்டே மாப்பிள்ளை அழைப்பில் வந்தான். அடுப்பைத் தம்பிகள் தூக்கி வந்தார்கள்.

மணவறையில் இரண்டு நெருப்பு எதற்கு என்று வாணலியை ஓமகுண்டத்தின் மேலேயே வைத்துவிட்டார்கள். அய்யர் தலையில் அடித்துக்கொண்டு நெய்யை வாணலியிலேயே ஊற்றினார். தாலி கட்டும் நேரம் வந்ததும் இடும்பன் விழித்தான். பூங்காவனம் மெல்லச் சிரித்து, “நீங்க கரண்டிய விட வேண்டாம், என் கை ஒண்ணு சும்மாதான் இருக்கு” என்றாள். அவன் ஒரு கை, அவள் ஒரு கையாக மூன்று முடிச்சும் விழுந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. முந்நூறு பேர் எறிந்த அட்சதையில் முக்கால்வாசி வாணலிக்குள் விழுந்தது. நெய்யில் படபடவென்று பொரிந்தது. தம்பிகள் எட்டிப் பார்த்தார்கள்.

“அண்ணே, ஃப்ரைட் ரைஸ்!” என்று கத்தினான் பொம்மையன். “பந்திக்கு இலை போடுங்க! ஒரு இலைக்கு மூணு பேரா உக்காருங்க, குச்சி பிடிக்க ஆள் வேணும்!”