உப்பாகிப்போன ஊற்று

பிள்ளைகளும் கேளுங்கள், பிள்ளைகளை மடியில் வைத்திருப்பவர்களும் கேளுங்கள். ராஜா வாய் திறந்தால் அதுவே சட்டம் என்றிருந்த காலம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அம்பலவன் என்று ஒரு தச்சன் இருந்தான்.

அவன் ஒரு சக்கரம் செய்தான். சுற்றிலும் மண்குடங்களைக் கட்டி ஆற்றில் நிறுத்தினான். ஆற்றின் ஓட்டமே சக்கரத்தைச் சுற்றியது. குடங்கள் தாமாகவே மொண்டு, மேலேறி, வாய்க்காலில் கொட்டின. மாடும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஊரே வாயைப் பிளந்தது.

செய்தி அரண்மனைக்குப் போனது. ராஜாக்களுக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதையே எல்லார் தலையிலும் கட்டிவிடுவார்கள். "மூன்று ஊர்கள் தண்ணீருக்குத் தவிக்கின்றன. மூன்றிலும் இந்தச் சக்கரத்தை வைத்துவிட்டு உன் வீட்டுக்குப் போ" என்று அம்பலவனுக்கு ஆணையிட்டார் ராஜா.

அம்பலவனின் மகள் வடிவு அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். அவள் எழுந்து நடப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். அவன் மனதில் அது ஒன்றுதான் இருந்தது.

முதல் ஊரிலும் ஆறு ஓடியது. சக்கரம் சுற்றியது. அம்பலவன் அன்றே வண்டி பூட்டினான்.

இரண்டாவது ஊரில் ஏரி. ஏரி மேட்டில், வயல் பள்ளத்தில். "மதகுப் பலகை உளுத்துப்போச்சு ஆசாரி. விதைக்கிறதுக்குள்ள ஏரியே கசிஞ்சு காலியாயிடுது. அதை மட்டும் மாத்திக் குடுங்க" என்றார்கள் ஊரார். அம்பலவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராஜா சொன்னது சக்கரம்தானே? ஏரித் தண்ணீர் ஓடாது, அதனால் காலால் மிதித்துச் சுற்றுங்கள் என்றான். தானாக இறங்கி வரவேண்டிய தண்ணீரை, அந்த அப்பாவிகள் மூச்சு வாங்க மேலே ஏற்றிக் கீழே கொட்டினார்கள். அதைப் பார்க்கக்கூட அவன் நிற்கவில்லை. வடிவு இந்நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாளோ என்று நினைத்தபடி வண்டி பூட்டினான்.

மூன்றாவது கடலோர ஊர். அங்கே மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் ஊற்றைச் சுற்றி உட்கார்ந்து, சிரட்டையால் மெல்ல மெல்ல மொண்டு குடம் நிரப்புவார்கள். அதிலேயே பாதிப் பொழுது போய்விடும். அம்பலவனுக்குப் பொறுக்கவில்லை. ஆழமாகக் குழி வெட்டி, சக்கரத்தை நிறுத்தி, இளவட்டங்களை மிதிக்கச் சொன்னான்.

"ஆசாரி, அவசரமா இறைச்சா அடியில கெடக்குற உப்பு மேல வந்துரும்" என்றாள் பவளாயி என்ற வலைக்காரப் பெண். அவள் இடுப்பில் கைக்குழந்தை. அம்பலவன் அந்தக் குழந்தையைப் பார்த்தான், தன் குழந்தையை நினைத்தான். அவள் சொன்னது அவன் மண்டையில் ஏறவில்லை.

தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சில நாள் ஊரே ஆசை தீரக் குளித்தது. பிறகு ஒரு காலையில், பவளாயியின் குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பியது. தண்ணீர் கரித்தது.

ராஜாவின் அதிகாரி வந்து பார்த்தார். "சக்கரம் சுத்துது, தண்ணி வருது. உப்பா, நல்லதான்னு ராஜா கேக்கலை. நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

அம்பலவன் வண்டியில் ஏறினான். எத்தனை மாத ஏக்கம் அது. வீடும் வாசலும் பிள்ளையும் கண்ணுக்குள்ளேயே நின்றன. ஆனால் எதிரே பவளாயி, இடுப்பில் பிள்ளையும் தலையில் குடமுமாக, கொதிக்கும் மணலில் அடுத்த ஊருக்குத் தண்ணீர் தேடிப் போய்க்கொண்டிருந்தாள். அவன் இறங்கி மாட்டை அவிழ்த்துவிட்டான்.

சக்கரத்தைப் பிரித்தான். குழியைத் தூர்த்தான். நல்ல மழை பெய்து ஊற்று தேறும்வரை, தன் வண்டியிலேயே தண்ணீர் கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றினான். ஒரு நாள் அவன் வராவிட்டால் ஊர் தவித்துப்போகும். அந்த வருஷம் மழை பொய்த்தது. அடுத்தடுத்த வருஷங்களிலும் பேருக்குத்தான் பெய்தது. மாட்டை அவிழ்த்துக் கட்டும் ஒவ்வொரு சாயங்காலமும் பிள்ளை நினைப்பு வரும். யாரிடம் சொல்வான்?

ஒருவழியாக மழை கொட்டி ஊற்று இனித்தது. பிறகும் அவன் நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஏரிக்கரை ஊருக்குப் போய் மதகுப் பலகையை மாற்றினான். அரை நாள் வேலை. அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

அவன் வீட்டு வாசலில் ஒரு சிறுமி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். தாடியும் புழுதியுமாக வந்து நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே ஓடி, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க. எந்த ஊருக்குப் போறீங்க?"

அம்பலவன் சொம்பை வாங்கினான். குடிக்க முடியவில்லை.

"இந்த ஊருக்குத்தாம்மா" என்றான்.

ஆகவே பிள்ளைகளே, ஓரிடத்தில் பலித்ததை எல்லா இடத்திலும் அப்படியே நட்டுவிட்டுப் போகாமல், போன இடத்தின் மண்ணையும் மனிதர்களையும் முதலில் கேட்டறிய வேண்டும்.