முழத்துக்குக் குறைந்த மீன்

கடல் பாலத்தில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரைக் கண்காணிக்க அம்பலவாணர் என்ற அதிகாரி வந்தார். வந்ததும் அறிவிப்புப் பலகை வைத்தார்: முழத்துக்குக் குறைந்த மீனைக் கடலில் விட வேண்டும், அதைச் சாகடித்த கருவி பறிமுதல். எழுத்துப் பிழை இல்லாத பலகை. அதுவே ஓர் அதிசயம்.

ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பிலோமினாவுக்கு ஞாயிறுதான் ஓய்வு, தூண்டில்தான் ஒரே சந்தோஷம். அன்று சின்ன மீன் ஒன்று மாட்டியது. உடனே கடலில் விடப் போனாள்.

“நில்லு! அளக்காம எப்படி விடுவ? அளந்து முடிக்கிறவரை அது அரசாங்க மீன். தொடாதே!”

வெயிலில் காய்ந்த சிமெண்டில் அவர் மீனைக் கிடத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். வாலை நீவிவிட்டு, அளவுகோலை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். முக்கால் முழம் என்று அவர் அறிவித்தபோது மீன் செத்திருந்தது.

“குட்டி மீனைச் சாகடிச்சிட்ட. தூண்டிலைக் குடு.”

“என் தூண்டில்ல துள்ளிக்கிட்டுதானே ஐயா வந்துச்சு? அரசாங்க மீனானப்புறம் உங்க அளவுகோலுக்குப் பக்கத்துலதான் செத்துச்சு. சாகடிச்ச கருவியை எடுத்து வைங்க.”

பாலமே சிரித்தது. அம்பலவாணர் பலகையை மறுபடி படித்தார். எழுதியவர் அவரே என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை. அளவுகோலில் பறிமுதல் சீட்டை ஒட்டினார்.

அன்று மாலைவரை அளக்க அளவுகோல் இல்லாததால், சின்ன மீன்கள் எல்லாம் உயிரோடு கடலுக்குத் திரும்பின.