நெருக்கி விதைத்த வெள்ளெலி

கருங்குன்றின் அடிவாரத்தில், காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், ஒரு வெள்ளெலிக் குடும்பமும் ஒரு கௌதாரியும் அடுத்தடுத்த நிலத்தில் சாமை விதைத்துப் பிழைத்து வந்தார்கள். வெள்ளெலியின் பெயர் தவிடன். உழைப்பதற்கு அவன் சளைத்தவனே இல்லை. யோசிப்பதிலும் சளைத்தவன் இல்லை என்று அவனாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் ஆடி மழை நன்றாகப் பெய்தது. அறுவடைச் சமயத்தில் வளை நிறையக் குட்டிகள் இருக்கும் என்று அவன் மனைவி குருணை சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து தவிடனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரவும் பகலும் ஒரே யோசனை. கடைசியில் அவனுக்கு ஒரு வழி பிடிபட்டது. வழக்கமாக ஐந்து பிடி விதைக்கிறோம், வளையில் ஓர் அறை நிறைகிறது. இருபது பிடி விதைத்தால் நான்கு அறைகள் நிறைந்துதானே ஆக வேண்டும்?

இவ்வளவு எளிய விஷயம் இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லையே என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. சாப்பாட்டுக்கென்று வைத்திருந்த சாமையையும் அள்ளி எடுத்தான். குருணை வழியை மறித்து நின்றாள்.

"இதையும் விதைச்சுட்டா, அறுக்கிற வரைக்கும் எதைத் திங்கிறது?"

"புல்லரிசி பொறுக்கித் திம்போம். மூணு மாசம் வயித்தைக் கட்டினா, வருஷம் பூரா உக்காந்து சாப்பிடலாம்."

சொன்னபடியே இருபது பிடியையும் விதைத்துவிட்டான். பத்தே நாளில் பயிர் பாய் விரித்த மாதிரி எழும்பி வந்தது. மண் கண்ணில் படவே இல்லை. போகிற வருகிற அணிலும் மைனாவும் நின்று பார்த்துவிட்டுப் போயின. தவிடன் வரப்பில் உட்கார்ந்து, யாராவது கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தான். கேட்காதவர்களுக்கும் சொன்னான்.

பக்கத்து நிலம் கௌதாரி மங்காவுடையது. அவள் கொஞ்சமாகத்தான் விதைத்திருந்தாள். சாமைக்கு நடுநடுவே தட்டைப்பயறு வேறு ஊன்றியிருந்தாள். போன வருஷம் அறுத்த சாமைத் தாளை எரிக்காமல் அப்படியே மண்மேல் பரப்பிவிட்டிருந்தாள். பார்க்க அலங்கோலமாக இருந்தது. மங்கா அக்காவின் நிலத்துக்கு வழுக்கை விழுந்துவிட்டது என்று தவிடன் காடெல்லாம் சொல்லிச் சிரித்தான். அது அவள் காதுக்கும் எட்டியது. ஆனால் அவளுக்கு வேலை இருந்தது.

இருபதாம் நாள் ஒரு மழை பெய்து, மண் நன்றாக ஈரம் பிடித்தது. மறுநாள் காலையில் மங்கா முள்ளம்பன்றி கூரனை அழைத்து வந்தாள். கூரன் முட்களைத் தாழ்த்தி, பயிருக்குள் மெல்ல நடந்தான். ஒரு நடைக்கு ஒரு பிடி நாற்று வேரோடு பெயர்ந்து விழுந்தது. இடையில் கோரை தட்டுப்பட்டால் தோண்டிக் கிழங்கைத் தின்றான். அதுதான் அவனுக்குக் கூலி. உச்சி வெயிலுக்குள் பாதிப் பயிர் போய்விட்டது. மிச்சம் இருந்தது எட்டி எட்டி நின்றது.

தவிடன் வரப்புக்கு ஓடி வந்தான். மங்காவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தான்.

"அக்கா, முளைச்சு வந்ததைப் பிடுங்கிப் போட உங்களுக்கு எப்படி மனசு வருது?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது தம்பி. ஆனா எல்லாத்துக்கும் குடிக்கத் தண்ணி இந்த மண்ணுல இல்லையே. கூரன் மாமா இங்கதான் இருக்காரு. உன் நிலத்திலயும் நடந்துட்டு வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்று தவிடன் அவசரமாகச் சொல்லிவிட்டு, தன் வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டான். பயிர் அதிகமானால் உரத்தையும் அதிகமாக்கினால் போயிற்று என்பது அவன் முடிவு. குன்றின் மேல் வௌவால் குகை இருக்கிறது. அங்கே எச்சம் குவிந்து கிடக்கும். போய்வர இரண்டு நாள் ஆகும். ஓர் இலையை மடித்து எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டான்.

குருணை பயிரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடியில் இருந்த இலைகள் ஏற்கெனவே மஞ்சளடித்திருந்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் மீசை மயிர் அளவுகூட இல்லை. இதை நம்பித்தான் வயிற்றில் இருப்பவை பிறக்கப் போகின்றன என்று நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் வரப்பு முள்ளை இழுத்துப் போட்டுவிட்டு, தானே போய்க் கூரனைக் கூப்பிட்டாள்.

பயிர் அடர்த்தி என்பதால் கூரனால் வேகமாக நடக்க முடியவில்லை. ஒரே இடத்தில் மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது. அன்று பகலும் மறுநாள் காலையும் நடந்தான். சரியாகப் பாதி நிலம் முடிந்திருந்தபோது, முதுகில் எச்சப் பொதியோடு தவிடன் வந்து சேர்ந்தான்.

பொதி கீழே விழுந்தது.

"நிறுத்துடா! யாரைக் கேட்டு என் நிலத்தில காலை வைச்சே?"

கூரன் நின்றான். குருணை, தான்தான் கூப்பிட்டதாகச் சொன்னாள். இன்னும் பாதிதான், முடித்துவிடட்டும் என்று கெஞ்சினாள். தவிடன் காதில் எதுவும் ஏறவில்லை. விழுந்து கிடந்த நாற்றுகளை வாரி எடுத்து, இடைவெளியில் எல்லாம் திரும்ப ஊன்றிக்கொண்டே ஓடினான். ஊன்றியது சாயங்காலத்துக்குள் வதங்கிப் போனது. அன்றிலிருந்து கலைத்த பாதி குருணையுடையது, கலைக்காத பாதி தன்னுடையது என்று நடுவில் ஒரு கோடு கிழித்தான். கொண்டுவந்த எச்சம் முழுவதையும் தன் பாதிக்கே போட்டான்.

ஒரு வாரம் அவன் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. பச்சைப்பசேல் என்று உயர்ந்தது. குருணையின் பக்கம் சொத்தைப் பல் மாதிரி இருந்தது. தவிடன் அதைச் சொல்லியும் காட்டினான்.

பிறகு மழை நின்றது. இருபத்தைந்து நாள் ஒரு துளி இல்லை.

முதலில் வாடியது தவிடனின் பாதி. இருந்த ஈரத்தை ஆயிரம் வேர்கள் உறிஞ்சி, ஒன்றுக்கும் வயிறு நிறையவில்லை. எரு போட்டதில் உயர்ந்த பயிரில் நிறைய தாங்க முடியாமல் சாய்ந்தது. காற்றுப் புகாத இடத்தில் புழு புகுந்தது. தவிடன் குட்டையிலிருந்து இலையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். அவன் ஒரு செடிக்கு ஊற்றினால் ஒன்பது செடிகள் அதைப் பங்குபோட்டன. குருணையின் பாதி பகலில் துவண்டது, காலையில் நிமிர்ந்தது. மங்காவின் நிலத்தில் தாள் போர்த்திய மண்ணும் தட்டைப்பயறு நிழலும் ஈரத்தை விடவில்லை. அங்கே சாமை வாடவே இல்லை.

ஐப்பசியில் குட்டிகள் பிறந்தன. ஏழு. அதே வாரம் அறுவடை. பொறுக்கி வைத்த புல்லரிசி அன்றோடு தீர்ந்திருந்தது.

மங்கா சாமையையும் பயற்றையும் சுமக்க முடியாமல் சுமந்து போனாள். குருணையின் பாதியில் கதிர்கள் தலை சாய்ந்து நின்றன. அவள் அறுத்து உதிர்த்ததில் ஓர் அறை நிறைந்தது. குட்டிகளுக்கும் அடுத்த விதைப்புக்கும் அது சரியாக இருக்கும். பெரியவர்கள் அரை வயிற்றோடுதான் இருக்க வேண்டும்.

தவிடன் தன் பாதியில் இறங்கினான். சாயாமல் மிஞ்சிய கதிர்கள் எல்லாம் விறைப்பாக நிமிர்ந்து நின்றன. ஒன்றை ஒடித்து உள்ளங்கையில் கசக்கி ஊதினான். கையில் எதுவும் மிஞ்சவில்லை. அடுத்ததைக் கசக்கினான். அதுவும் பறந்தது. வரப்பு வரை போய், கடைசிக் கதிரையும் கசக்கிப் பார்த்துவிட்டுத்தான் நின்றான். வளைக்குள்ளிருந்து ஏழு குட்டிகளும் பசியில் கீச்சிடுவது அங்கே வரை கேட்டது. அவமானத்தைவிட அவனுக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது. குருணை மட்டும் அவன் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ஓர் அறைகூட இருந்திருக்காது.

குருணை தன் சாமையில் ஒரு பிடி எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் தொடவில்லை. வளைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் இன்னும் ஒரு நாள் தாமதமா வந்திருக்கணும், குருணை."

நிலம் தாங்கும் அளவுக்கு மட்டும் பயிரை விட்டு, மிச்சத்தைக் கலைக்கத் துணிந்தவனுக்குத்தான் களஞ்சியம் நிறையும்.