நந்திக்கு மழைக்கோட்டு

"மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. நந்திக்கு இந்த பிளாஸ்டிக் வார்னிஷை அடி. இல்லேன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!" என்று அதட்டினார் தர்மகர்த்தா மாசிலாமணி.

கொத்துவேலைக்காரி பூவாயி நந்தியின் வெடிப்புகளில் பூசக் கடுக்காய்ச் சுண்ணாம்பைக் குழைத்து வைத்திருந்தாள். "கல்லு மூச்சு விடணுங்க" என்றாள்.

"கல்லுக்கு ஏது மூக்கு?"

"சரிங்க. வார்னிஷ் பட்டு வேட்டியில தெறிக்கும், இந்த மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு நில்லுங்க."

சித்திரை வெயில். பூவாயி ஆற அமரத் தூசி தட்டினாள். நந்தியின் கொம்பைத் துடைக்கவே அரை மணி நேரம் ஆனது. தர்மகர்த்தா தாங்க முடியாமல் கோட்டைக் கழற்றி எறிந்தார். உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

"மழையே இல்லையே, எப்படிங்க நனைஞ்சீங்க?"

"உள்ளே வேர்த்துக் கொட்டுதும்மா!"

"நந்தியும் தரையிலேர்ந்து ஈரத்தை உறிஞ்சுதுங்க. நீங்க கோட்டைக் கழட்டிட்டீங்க. அது எப்படிக் கழட்டும்?"