சின்னப் படத்து வழி

கொம்பங்குளத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. எப்போது எண்ணினாலும் மூன்று பேர் தேறுவார்கள்: வாழைக்காய் வியாபாரி மாசானம், அவனுடைய கூட்டாளிகள் சொரிமுத்து, பூதலிங்கம்.

சென்னையில் மாசானத்தின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உச்சிப்பொழுதோடு நல்ல நேரம் முடிந்துவிடும். மச்சான் மூவருக்கும் விமான டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டு, தூத்துக்குடியிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று மேப்பில் பார்த்துக்கொள்ளும்படி போனில் சொல்லி வைத்தார்.

மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சுவரில் தொங்கிய தமிழ்நாட்டுப் படத்தில் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் நடுவே அளந்தார்கள். பூதலிங்கத்தின் கைக்கு மூன்று சாண் வந்தது. இவ்வளவு தூரம் போவதற்குள் நல்ல நேரம் போய்விடுமே என்றான் மாசானம். நல்லவேளையாக, சொரிமுத்து ஒரு பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தான். அதிலிருந்த படத்தில் நாலு விரற்கடைதான்.

"பெரிய படத்து வழியா போனா லேட்டாகும் வே," என்றான் சொரிமுத்து. "சின்னப் படத்து வழியாவே போயிருவோம்."

அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே மழை மேகத்தால் விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே அறிவித்தார்கள். மாமன் மடி இல்லாமல் பிள்ளை அழுவது மாசானத்தின் காதிலேயே கேட்டது.

பூதலிங்கம் தாளை மடியில் விரித்தான்.

"தூரம் குறைஞ்சா நேரமும் குறையும்லா?"

"குறையும்," என்றான் சொரிமுத்து.

"அப்போ தூரத்தைக் குறைப்போம்."

ஒரு மடிப்பு மடித்தான். இரண்டு விரற்கடை ஆனது. இன்னும் கொஞ்சம் இழுத்து மடித்தான். தூத்துக்குடி போய்ச் சென்னையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"இப்போ எவ்வளவு தூரம்?" என்று மாசானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"தூரமே இல்ல."

"நேரம்?"

"தூரமே இல்லாதப்போ நேரம் எங்க இருந்து வே வரும்?"

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பைகளை எடுத்துக்கொண்டு மூவரும் வெளியே நடந்தார்கள். விமானத்தில் ஏறச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். ஓடிப்போய் வரிசையில் நின்றவர்களைப் பார்க்க மாசானத்துக்குப் பாவமாக இருந்தது.

வாசலில் நின்ற டாக்சிக்காரரிடம் பெரம்பூருக்குப் போகச் சொன்னார்கள். அது சென்னையில் அல்லவா இருக்கிறது என்றார் அவர். அதற்காகத்தானே வந்திருக்கிறோம் என்றான் சொரிமுத்து. அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது தங்கையின் போன் வந்தது.

"அண்ணே, ஆசாரி வந்தாச்சு. எங்க இருக்க?"

"ஏர்போர்ட் வாசல்லதான் நிக்கேன் தாயி. பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு வை."

"அதுக்குள்ள பிளேன் வந்துட்டா?"

"பிளேன் இன்னும் கிளம்பல. நாங்க வந்துட்டோம்."

பூதலிங்கம் மாசானத்தின் தோளைத் தொட்டு மேலே காட்டினான். வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் 'தூத்துக்குடி விமான நிலையம்' என்று இருந்தது. மாசானம் அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"நாம வந்த வேகத்துக்கு, பாவம், போர்டு மாத்த இவங்களுக்கு நேரம் கிடைச்சிருக்காது."